கீழக்கரை வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழக்கரையில் எங்கள் உம்மா வழி வீடு இருக்கிறது. திண்ணை, முற்றம், மரத்தூண்கள், கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர். சகோதரிகள் எல்லாரும் வெளியூரில் இருக்கிறோம். சுவரின் அடியில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. மேஸ்திரி சிமெண்ட் பூசலாம் என்கிறார். காக்காவோ (எங்கள் மூத்த சகோதரர்) இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறார், “இது என்ன அரண்மனையா, வரலாறு பேச?” என்று கேட்கிறார். சீதக்காதி காலத்து வீடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அரசு இதைப் பாதுகாக்குமா? உண்மையிலேயே இதற்கு மதிப்பு உண்டா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,

மதிப்பு உண்டு. ஆனால் சீதக்காதியை இதில் இழுக்காதீர்கள். உமறுப் புலவரை ஆதரித்த அந்த வள்ளல் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பத்திரமோ கல்வெட்டோ இல்லாமல் அவர் பெயரைச் சொன்னால், காக்கா அதை ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார், வீட்டின் மற்ற மதிப்பும் அதோடு சேர்ந்து போய்விடும்.

நீங்கள் பேச வேண்டியது அந்தச் சுவரைப் பற்றி. பவளக் கல் துளை நிறைந்தது, எடை குறைவு, வெயில் உள்ளே இறங்க நேரம் எடுக்கும். அதே பவளத்தைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பும் எடுத்தார்கள், ஆக கல்லும் காரையும் ஒரே கடலிலிருந்து வந்தவை. அழகான கட்டுமானம்தான், ஆனால் அதற்குக் கடல் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்பது பழைய கணக்கு, அதில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. பூவரசன்பட்டி உங்கள் கீழக்கரைத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். காலம்காலமாகப் பவளத்தை வெட்டி எடுத்தது அவை மூழ்கியதற்கு ஒரு பெரிய காரணம். 1986-இல் அந்தக் கடல் தேசியப் பூங்கா ஆனது, 2001-இல் கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. இனி அந்தக் கல்லை யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இவ்வளவு இழப்பில் எழுந்த ஒரு சுவரை இடித்து ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்ப லாரியில் அள்ளிக் கொட்டுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று. கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மா, மகள், பேத்தி என்று பெண்கள் அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். ஆண்கள் உட்காரும் திண்ணை எங்கே முடிகிறது, பெண்கள் புழங்கும் பகுதி எங்கே தொடங்குகிறது, பக்கத்து வீட்டுக்குப் போக உள்வாசல் உண்டா என்று ஒரு முறை நடந்து பாருங்கள். இந்த வாழ்க்கைமுறையை அந்த அறைகளின் வரிசையிலேயே படித்துவிடலாம், எந்த அரண்மனையிலும் இது கிடைக்காது. அப்புறம், வீடு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். சகோதரிகளின் வீடு என்றால் காக்கா யோசனை சொல்லலாம், முடிவு எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

வயதைத் தெரிந்துகொள்ள மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். அதில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் பெயர், தெருப் பெயர் எல்லாம் கிடைக்கும். அரசு பாதுகாக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நூறு வயதைத் தாண்டினால் மத்தியத் தொல்லியல் சட்டப்படி பரிசீலிக்கலாம், ஆனால் முறைப்படி அறிவித்தால்தான் பாதுகாப்பு, வயதால் தானாக வராது. குடும்ப வீடுகளுக்கு அது வரும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, உப்புக்கு வருவோம். மேஸ்திரியிடம் சிமெண்ட் வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். கடல் கல்லில் உப்பு எப்போதும் இருக்கும், தரையிலிருந்து ஈரம் ஏறும்போது அதுவும் கூடவே நகரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், பூச்சு உதிர்ந்தாலும் கல் தப்பிக்கும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகிக் கல்லை மாவாக்கிவிடும், வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும், உள்ளே சுவர் போய்க்கொண்டிருக்கும். உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு, நீற்றிய சுண்ணாம்பில் ஆற்று மணல் கலந்து பூசச் சொல்லுங்கள், கடல் மணல் மட்டும் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் கிடைப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முற்றத்துத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வடிய வழி செய்துவிடுங்கள், பாதி உப்புத் தொல்லை அதிலேயே குறையும்.