பெண்கள் கூடுதலாக உள்ள மலைக்கிராமம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் டேராடூனில் இருக்கிறேன். உடன் பணிபுரியும் நண்பருக்கு உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில் ஒரு சின்ன மலைக்கிராமம் சொந்த ஊர். அதன் 2011 மக்கள்தொகைக் கணக்கைத் தற்செயலாகப் பார்த்தேன். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். வடக்கே இப்படியும் ஓர் ஊரா என்று மகிழ்ந்துபோய் அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. நான் எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்?

ரா.

அன்புள்ள ரா.,

அந்த ஊரில் பெண்கள் பெருகவில்லை, ஆண்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. டெல்லியில் ஓட்டல் வேலைக்குப் போனவர் டெல்லிக் கணக்கில் சேர்ந்துவிடுவார். ராணுவத்தின் குமாவோன் ரெஜிமெண்டில் இருப்பவர் அவருடைய முகாம் இருக்கும் ஊரின் கணக்கில். பிறந்த ஊரின் பட்டியலில் மிஞ்சுவது அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும்தான்.

உத்தராகண்டின் குமாவோன், கர்வால் மலைகளில் இது பல தலைமுறைக் கதை. சரிவை வெட்டி அடுக்கிய துண்டு நிலங்கள், பெரும்பாலும் வானம் பார்த்தவை. வருஷம் முழுக்க அவற்றை நம்பிச் சாப்பிட முடியாது. ஆண்கள் பட்டாளத்துக்கோ சமவெளிக்கோ போவார்கள், மாதாமாதம் பணம் வரும். நடவு, களை, மாட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு எல்லாம் பெண்கள் தலையில். ஏர் பிடிப்பது மட்டும் ஆணின் வேலை என்பது அங்கே பழைய வழக்கம். அதனால் ஆண் இல்லாத வீட்டில் உழவுக்கு யாரையாவது கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் நிலம் தரிசாகக் கிடக்கும். அல்மோரா மாவட்டத்தில் 2011இல் 1000 ஆண்களுக்கு 1139 பெண்கள் இருந்தார்கள், பௌரி கர்வாலில் 1103. உத்தராகண்டில் 2001க்குப் பிறகான பத்தாண்டில் மொத்த மக்கள்தொகையே குறைந்த மாவட்டங்களும் இவை இரண்டுதான்.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது உங்கள் நண்பரின் மாவட்டத்தில் இன்னோர் எண். பித்தோராகரில் மொத்தத்தில் 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எடுத்தால் 1000 பையன்களுக்கு 816 பெண் குழந்தைகள். குழந்தைகள் வேலை தேடி எங்கும் போவதில்லை. இயற்கையின் போக்கில் பிறந்தால் 950க்கு அருகில் இருக்க வேண்டிய எண் அது. உத்தராகண்ட் முழுவதற்கும் 2001இல் 908 ஆக இருந்தது, 2011இல் 890க்கு இறங்கியது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது, அதற்குப் பிறகும் இந்த நிலை. காட்டையும் வயலையும் வீட்டையும் பெண்களே தூக்கிச் சுமக்கும் மலையில், பெண் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். இதை என்னால் ஆறிப்போய் எழுத முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தின் குழந்தைக் கணக்கை மட்டும் வைத்து அந்த ஊராரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். மொத்தமே பன்னிரண்டு குழந்தைகள் உள்ள ஊரில் எட்டுப் பையனும் நான்கு பெண்ணும் தற்செயலாகவே அமையலாம். வட்டம், மாவட்டம் என்று ஆயிரக்கணக்கில் எண்ணும்போதுதான் மனிதர்களின் விருப்பம் அதில் தெரியும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாள், அதாவது அன்றைய நிலவரப்படிதான் எண்ணிக்கை. பனி மூடும் மலைப்பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. முடிவுகள் வந்ததும் மொத்த எண்ணிக்கையைத் தாண்டி, 0–6 வயதுக் கணக்கைப் பாருங்கள். பித்தோராகரின் 816 ஏறியிருக்கிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.