வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு எது நியாயமான சம்பளம்?

கேள்வி: பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் அம்மாவுக்கு வயது 79. மதுரையில் சொந்த வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் வெளியூர். 14 மாதமாக ஓர் அக்கா வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். மாதம் 12,000 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம், தீபாவளிக்குச் சேலை. காலை ஐந்தரைக்கு எழுந்தால் இரவு ஒன்பதரை வரை வேலை, மதியம் இரண்டு மணி நேரம் ஓய்வு. இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பார். எட்டு மாதம் முன்பு மகள் கல்யாணத்துக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். மாதம் 4,000 பிடிக்கிறோம், இன்னும் 18,000 பாக்கி. இப்போது சம்பளம் கூட்டித் தரச் சொல்கிறார். 15 நாள் ஊருக்குப் போகவேண்டும் என்றும் கேட்கிறார். போனால் திரும்பி வருவாரா என்று பயம். அவருடைய ஆதார் அட்டை எங்களிடம்தான் இருக்கிறது. எது நியாயம், சொல்லுங்கள்.

பதில்: முதலில் ஆதார் அட்டையை இன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தேவையென்றால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அசலைப் பிடித்து வைப்பது, "நீ நினைத்தபோது போக முடியாது" என்று வாய் திறக்காமல் சொல்வதுதான். மற்றதைப் பேசுவதற்கு முன் இது முடியட்டும்.

அடுத்து சம்பளம். மாதக் கணக்கில் 12,000 என்பது ஓரளவு மரியாதையான தொகையாகத் தெரியும். மணிக்கணக்கில் பாருங்கள். ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை 16 மணி நேரம். ஓய்வு இரண்டு மணி நேரம் போனால் 14. முப்பது நாளைக்கு 420 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 29 ரூபாய்கூட வரவில்லை. இரவில் எழுந்திருப்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை. உங்கள் தெருவிலேயே தினம் ஒரு மணி நேரம் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிப் போகிறவருக்கு மாதம் 2,500 என்றால் மணிக்கு 83 ரூபாய் ஆகிறது. அவர் வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போகிறார். இவரோ வீட்டையே விட்டு வந்திருக்கிறார். கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு.

"சாப்பாடும் இடமும் தருகிறோமே" என்று நீங்கள் நினைக்கலாம். ராத்திரி அம்மா பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதால்தான் அவர் அங்கே தங்குகிறார். அது உங்கள் தேவை, அதற்கு அவரிடம் வாடகை கழிக்க முடியாது. சாப்பாடும் அப்படித்தான். அவர் எங்கே படுக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். அம்மா கட்டிலுக்குக் கீழே பாயா, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா? உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. தனித் தட்டும் தனி டம்ளரும் இருந்தால் அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் சமரசம் பேச எனக்கு மனம் வராது.

தமிழ்நாடு அரசு 2018-லேயே வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்கில் நிர்ணயித்திருக்கிறது. அகவிலைப்படி சேர்த்து இந்த ஆண்டு அது எவ்வளவு என்று மதுரையில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது அடிமட்டம். அதைத் தொட்டுவிட்டால் போதும் என்று நின்றுவிட வேண்டாம். அதற்குக் கீழே போனால் விஷயம் சாதாரணமில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வறுமை நெருக்கும்போது ஒருவர் சரி என்று தலையாட்டுவதை மனமொப்பிய சம்மதமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே "பேசின சம்பளம்தானே, ஒத்துக்கொண்டுதானே வந்தார்" என்ற வாதம் நிற்காது.

இரவு வேலையைத்தான் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடத்தான் வேண்டும், ஏர் பெட் போட்டாலும் அந்த வேலை அடியோடு நிற்காது. ஒன்பதரைக்குப் படுக்கிறவர் பதினொன்றரைக்கு எழுந்திருக்கிறார், ஒன்றரைக்கு, மூன்றரைக்கு, பிறகு ஐந்தரைக்கு விடிந்தே விடுகிறது. பதினான்கு மாதமாக அவர் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை. அவருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. தூக்கமில்லாத ஆள் நோயாளியைத் தூக்கும்போது இரண்டு பேருமே விழலாம். இரவுக்கு வேறு ஓர் ஆள் வேண்டும். தினமும் முடியாதென்றால் வாரத்தில் மூன்று நாளாவது வையுங்கள். அவரே பார்க்கும் இரவுகளுக்குத் தனிச் சம்பளம் கொடுத்து, மறுநாள் காலையில் தூங்க விடுங்கள்.

பகலுக்கு என் யோசனை இது: நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள், மணிக்கு 70 ரூபாய். 18,200 ஆகும். மூன்று பேர் பங்கிட்டால் தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம். பாக்கி நான்கு நாள் அவருடையது. அந்த நாட்களில் உங்களில் ஒருவர் முறைவைத்து வரலாம், இல்லையென்றால் மாற்று ஆள் போடலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் வேலை நேரத்தைக் குறையுங்கள். மணிக்கூலியில் கைவைக்காதீர்கள். பணத்தை அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள், ஏடிஎம் அட்டை அவர் கையில்தான் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏஜென்சி மூலம் வந்தவரென்றால், நீங்கள் தருவதில் எவ்வளவு அவரிடம் போய்ச் சேருகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. முன்பணம் கொடுப்பது தப்பில்லை. "கடன் முடியும்வரை நீ போகக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அந்தக் கடனும் ரத்தாகும். மாதம் 4,000 பிடித்தால் கையில் நிற்பது 8,000. சம்பளத்தைக் கூட்டியபின் பிடித்தத்தை 1,500 ஆக்கி 12 மாதத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் அவர் வேலையை விட்டால் பாக்கியைக் கடனாகத்தான் கேட்கலாம். ஆளைப் பிடித்து வைக்க அது காரணமாகாது.

விடுப்புக்கு வருவோம். 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை வீட்டுவேலை செய்பவருக்கு வாரம் 24 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்கிறது. தங்கி வேலை செய்பவர் ஓய்வு நேரத்தில் அந்த வீட்டிலேயே இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனாலும் நியாயத்துக்கு நல்ல அளவுகோல் அது. பதினான்கு மாதம் என்றால் 60 வாரம், அதாவது 60 விடுமுறை நாள். அவர் கேட்பது 15. சம்பளத்தோடு அனுப்புங்கள், பஸ் காசும் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவரைப் பதிவுசெய்ய உதவுங்கள். 60 வயதுக்குள் பதிந்தால்தான் பின்னால் ஓய்வூதியம் கேட்க முடியும்.

அந்த 15 நாளுக்கு வரும் மாற்று ஆள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடட்டும். செயலிழந்த கையை இழுக்காமல் அம்மாவை எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எந்தப் பக்கம் சாய்த்தால் கஞ்சி புரையேறாமல் இறங்கும் என்பதெல்லாம் இந்த அக்காவுக்குத்தான் தெரியும். சொல்லிக்கொடுக்கும் அந்த நாளுக்கு அவருக்கும் சம்பளம், புதிதாக வந்தவருக்கும் சம்பளம்.