ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் இரவு குடும்ப ஜெபம் உண்டு. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தை என் கணவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் வராவிட்டாலும் சம்பளத்தில் பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தாக வேண்டும், அன்று நாங்கள் ஆராதனைக்குப் போகிறோமே. கேட்டால், "அதையும் ஜெபத்தையும் ஏன் முடிச்சுப் போடுற?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: முடிச்சுப் போட்டது வேதம், நானில்லை என்று சொல்லுங்கள். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ல் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம், கர்த்தர் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. நாம் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் இதைத்தான். உபாகமம் 5-ல் காரணமே வேறு. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தான், அதை நினைத்துக்கொள், உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. நீங்கள் ஆலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், கட்டளையில் பாதிதான் நடக்கிறது. (ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று யாராவது உடனே கடிதம் எழுதுவார்கள். அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.)

சம்பள விஷயத்துக்கு லேவியராகமம் 19:13 பாருங்கள். கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது. உன்னைப் போல் பிறனை நேசி என்பது அதே அதிகாரத்தில் ஐந்தே வசனம் தள்ளி இருக்கிறது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவோம், 13-ஐ மாட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை. தசமபாகமா? ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வரைக்கும் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்தவர்களைப் பார்த்துத்தான், நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு கேட்டார் (மத்தேயு 23:23). ஒற்தலாம் என்றால் வேறொன்றுமில்லை, புதினா.

இதைச் சொல்ல எனக்கும் யோக்கியதை கொஞ்சம் குறைவுதான். பல வருடம் எங்கள் சமையலறைக் காலண்டரில், எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வராத நாட்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பேன். ஒரு மாதம் நான்கு சுழி. கழித்துக்கொண்டு மீதியை நீட்டினேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல்னு அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். சொல்லியிருந்தார். அதே மாதம் என் மகளுக்கும் காய்ச்சல், நானும் ஆபீஸில் இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன், சம்பளத்தோடு.

அதனால் கணவரிடம் வசனத்தை எடுத்து அடிக்காதீர்கள், உங்களுக்கு வேலையில் வார லீவும் சம்பளத்தோடு லீவும் உண்டா என்று சாவகாசமாக ஒரு நாள் கேளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டுப் பணியாளர்களுக்காகவே கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. உலகத்துச் சட்டமே இவ்வளவு கேட்கும்போது குடும்ப ஜெபம் செய்கிற வீடு அதற்கும் கீழே நிற்கலாமா? முதலில் ஞாயிற்றுக்கிழமையை அந்த அக்காவுக்கு விட்டுவிடுங்கள். அன்றைய பாத்திரத்தை யார் தேய்ப்பது என்பதை வீட்டில் இருப்பவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம், உங்கள் கணவரும் உட்பட.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆலயத்துக்கு வர மறுக்கிறான். வெளியே நடக்கும் அநியாயத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை, பேசினால் அரசியல் என்கிறார்கள் என்பது அவன் வாதம்.

பதில்: பையன் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. லூக்கா 4-ஐ இருவருமாக உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். தரித்திரருக்கு நற்செய்தி, நொறுங்குண்டவர்களுக்கு விடுதலை என்று நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்தபோது எல்லோரும் அசந்துபோய்த்தான் கேட்டார்கள். சரெப்தா விதவை, சீரியனான நாகமான் என்று யூதரல்லாத வெளியாட்களுக்குக் கர்த்தர் உதவியதை அவர் இழுத்ததும்தான் கோபம் வந்து, மலைமேலிருந்து தள்ளிவிடக் கிளம்பினார்கள். நியாயமான கூலியைப் பற்றிப் போப் பதின்மூன்றாம் லியோ 1891-லேயே சுற்றுமடல் எழுதியிருக்கிறார், அதையும் அவனிடம் சொல்லுங்கள். வா வா என்று இழுக்க வேண்டாம். அவன் கேட்கிற கேள்வியை நீங்கள் ஒரு தடவை சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசுவோம்.

கேள்வி: இந்த மாதம் அம்மாவின் மருந்துக்கே பணம் போதவில்லை. நேர்ந்துகொண்ட காணிக்கையை நிறுத்தினால் பாவமா?

பதில்: இல்லை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று ஒதுக்கிவிட்டுக் கைகழுவியவர்களைத்தான் இயேசு கண்டித்தார், மாற்கு 7-ல். மருந்தை இன்றைக்கே வாங்குங்கள். போதகர் விசாரித்தால் உள்ளதைச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார்.