சுவரில் ஈரமா? முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

ஒக்டோபர் மழை தொடங்கினால் ஈரச்சுவர், பூஞ்சணம், உப்புப் பூத்த பெயின்ற் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. பலர் கேட்பது, எந்தப் பெயின்ற் அடித்தால் நிற்கும் என்று. பெயின்ற் கடைசி வேலை. தண்ணீர் காற்றிலிருந்து படிகிறதா, நிலத்திலிருந்து ஏறுகிறதா, குழாயிலிருந்து கசிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் காசை வெளியே எடுக்க வேண்டும். வந்த கேள்விகள் சிலவும் என் பதில்களும் கீழே.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. படுக்கையறையில் இரவு முழுக்க ஏசி 18இல் ஓடும். விடியற்காலையில் யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் வழிகிறது. அறைக்கு வெளியே நடைச் சுவரிலும் கறுப்புப் புள்ளிகள். சுவருக்குள் குழாய் வெடித்திருக்குமோ?

புள்ளிகள் ஏசி அறையை ஒட்டிய சுவரில் மட்டும் இருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டாம். அது காற்றின் ஈரம். கொழும்பில் மழைக்கால இரவொன்றில் வெப்பநிலை 28 பாகை, சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இருக்கும் பங்கு) 80 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 24 பாகையளவுக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விடத் தொடங்கும். ஐஸ் போட்ட குவளை வெளியே வியர்ப்பதும் இதனால்தான். ஏசியை 18இல் வைத்தால் கண்ணாடியும் மெல்லிய சீமெந்துக்கல் சுவரும் வெளிப்பக்கத்தில் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். சுவரில் துளி தெரியவேண்டும் என்றுகூட இல்லை. சுவரோடு ஒட்டிய காற்றின் ஈரப்பதன் நாள்கணக்கில் 80 வீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் “யன்னலைத் திறந்து விடுங்கோ” என்பார்கள். அங்கே குளிர்காலத்தில் அது சரியான புத்திமதி. வெளிக்காற்றில் நீராவி குறைவு. இங்கே நிலைமை தலைகீழ். நான் சொன்ன கொழும்புக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். 18 பாகைக் காற்று தாங்கக்கூடியது 15 கிராம் சொச்சம்தான். யன்னலைத் திறந்தால் மிச்சம் முழுவதும் உங்கள் கண்ணாடியிலும், அலுமாரியிலும், தரை ஓட்டிலும் படியும்.

ஏசியை 25 அல்லது 26இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். உடம்புக்குச் சுகமாக இருக்கும், மின்கட்டணமும் குறையும், சுவரும் பிழைக்கும். கதவின் அடி இடைவெளியை அடையுங்கள். காலையில் ஏசியை நிறுத்திய கையோடு யன்னலைத் திறக்காமல் அரை மணித்தியாலம் மின்விசிறியை ஓடவிடுங்கள். செப்புக் குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஸ்பொஞ்ச் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்த இடத்தில் சொட்டும் நீர் சுவருக்குள் இறங்கி, குழாய் கசிவதுபோலவே கறை காட்டும்.

இன்னொன்று. சின்ன அறைக்குப் பெரிய ஏசி வாங்குவது பெருமையல்ல, தொல்லை. 120 சதுர அடி அறைக்குச் சாதாரணமாக 9,000 பி.ரி.யு. (ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் அளவு) போதும். 24,000 பூட்டினால் அது சட்டென்று குளிர்ந்து சட்டென்று நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அறை குளிராகவும் நசநசப்பாகவும் இருக்கும்.

கொட்டாஞ்சேனையில் பழைய வீடு. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பெயின்ற் கொப்புளித்து உதிர்கிறது, வெள்ளை உப்பும் பூக்கிறது. நாலடிக்கு ரைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரம் ரைல்ஸுக்குப் பின்னால் ஏறி, நாலடிக்கு மேலே தலைகாட்டும். பிறகு ரைல்ஸையும் உடைக்க வேண்டிவரும்.

முதலில் ஒரு சோதனை. ஒரு சதுர அடி பொலித்தீன் துண்டை, பெயின்ற் உதிர்ந்த இடத்தில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் சேர்ந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து படிந்தது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன். பழைய வீடுகள் பலவற்றில் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடைப் படையே இராது. இருந்தாலும் காலத்தால் வெடித்திருக்கும்.

ஆனால் உள்ளே கைவைக்க முன்னர் வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். வீதியைத் திருத்தித் திருத்தி உயர்த்தியிருப்பார்கள், முற்றத்தையும் சுவரோடு சேர்த்துச் சீமெந்து பூசியிருப்பீர்கள், அதன்மேல் பூச்சட்டிகள் வரிசையாக இருக்கும். வெளிநிலம் வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பீலியில் ஓட்டையிருந்து மழைத்தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டுகிறதா? வடிகால் அடைத்திருக்கிறதா? இவற்றைச் சரிசெய்த மாத்திரத்தில் பாதி ஈரம் இறங்கிய வீடுகள் உண்டு.

அதன்பிறகு, உப்புக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் காய மாதங்கள் எடுக்கும், அவசரப்பட்டு மூடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம், அது ஈரத்தை வெளியே விடும். கெட்டியான சீமெந்துப் பூச்சும் பிளாஸ்ரிக் பெயின்ற்றும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஏறினால், சாந்து வரிசையில் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளையிட்டுச் சிலேன் எனும், தண்ணீரை ஏறவிடாத இரசாயனக் களிம்பு ஏற்றலாம். அனுபவமுள்ளவர் செய்தால் அது வேலை செய்யும்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தால் தைப்பொங்கலுக்குள் உரிகிறது. ஏன்?

ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் கடும் மழை மாதங்கள். சுவர் தண்ணீர் குடித்திருக்கும்போது அதன்மேல் பூசுகிறீர்கள். ஜனவரி, பெப்ரவரி காய்ந்த மாதங்கள். இந்த முறை தீபாவளிக்கு வீட்டைத் துடைத்துக் கோலம் போடுங்கள். பெயின்ற்றைப் பொங்கலுக்குப் பிறகு அடியுங்கள்.

அலுமாரியில் வைத்த கூறைச்சேலை மணக்கிறது, அங்கங்கே பழுப்புப் புள்ளியும் விழுந்திருக்கிறது. பூச்சி உருண்டை நிறையப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

பூச்சி உருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது. சரிகையில் படவும் கூடாது, உடனே எடுத்துவிடுங்கள். அலுமாரி வெளிச்சுவரோடு முட்டிக்கொண்டிருந்தால் மூன்று அங்குலம் முன்னால் நகர்த்துங்கள். அலுமாரியின் பின்பலகையைத் தடவிப் பாருங்கள். சில்லென்றிருந்தால் நோய் அங்கேதான். சேலையைப் பிளாஸ்ரிக் பையிலிருந்து எடுத்து, கஞ்சி போடாத பழைய பருத்தித் துணியில் சுற்றி, மழையில்லாத நாளின் நண்பகலில் நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நல்லவை. நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டுமென்று தெரியும். கடையில் விற்கும் தண்ணீர் சேரும் டப்பாவைச் சேலைக்கு மேல்தட்டில் வைக்காதீர்கள். அதில் சேர்வது கல்சியம் குளோரைட் கரைசல், சிந்தினால் துணி போய்விடும். விழுந்துவிட்ட புள்ளிகளை வீட்டில் தேய்க்க வேண்டாம், பட்டுக்குப் பழக்கப்பட்ட சலவைக்காரரிடம் கொடுங்கள்.

பிள்ளைக்கு இழுப்பு. படுக்கையறை மூலையில் பூஞ்சணம். எப்படித் துடைப்பது?

பிள்ளையை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள், வைத்தியரிடமும் இதைச் சொல்லுங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாத் தொல்லை கூடுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே சொல்லியிருக்கிறது. உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, யன்னலைத் திறந்து வைத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஓடு, கண்ணாடி போன்ற வழவழப்பான இடமானால் வீட்டு பிளீச் ஒரு பங்கை 16 பங்கு தண்ணீரில் கலந்து பூசலாம். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு பிளீச்சை ஒருபோதும் கலக்க வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும். பூச்சுக்குள் ஊறிய பூஞ்சணத்துக்கு பிளீச் மேற்பூச்சுதான். அந்தப் பூச்சை எடுத்து, ஈரத்தின் வழியை அடைக்க வேண்டும்.

வத்தளையில் தகரக் கூரை வீடு. மழையே இல்லாத ஜனவரி விடியலில் கூரையிலிருந்து சொட்டுகிறது. ஆணி ஓட்டையா?

மழையில் ஒழுகாமல் பனிக்கு மட்டும் சொட்டினால் ஓட்டை இல்லை. முகில் இல்லாத இரவில் தகரம் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அடியில் நிற்கும் ஈரக்காற்று அதில் தண்ணீராகப் படிகிறது. தகரத்துக்கு அடியில் நுரை ஒட்டிய வெப்பத்தடைத் தாள் விரியுங்கள், முகட்டிலும் இறவாணத்திலும் காற்றுப்போக வழிவிடுங்கள்.

மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே எங்கள் சீலிங்கில் தேயிலைச் சாயம் போல் வட்டக்கறை. அவர்கள் “அது வெறும் ஈரலிப்பு” என்கிறார்கள்.

ஓரம் கறுத்த பழுப்பு வட்டம் பெரும்பாலும் கசிவுதான். அவர்கள் குளியலறை வடிதுளையை அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி, சாப்பாட்டுச் சாயம் கொஞ்சம் கலந்து ஒரு நாள் வைக்கச் சொல்லுங்கள். நிறம் உங்கள் பக்கம் வந்தால் பேச்சுக்கே இடமில்லை. வராவிட்டாலும் முடிவு கட்டாதீர்கள். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சோதனையைத் தொடர்மாடி முகாமைக் குழுவில் ஒருவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள், திகதி தெரியும்படி படமும் எடுத்துவையுங்கள்.