சிகரெட் பத்துறவையும் குடிக்கிறவையும் ஹெல்த் இன்சூரன்ஸுக்குக் கூடுதலாக் காசு கட்ட வேணுமோ?

பத்துறவரிட்ட கொஞ்சம் கூடுதலா வாங்கலாம், ஆனா அவர் விட்டிட்டா அதைக் குறைச்சுப் போடோணும். குடிக்கிறவரிட்ட இன்சூரன்ஸுக்குள்ளால வாங்கக் கூடாது, அந்தக் காசைப் போத்தலில வரியா எடுக்கிறதுதான் சரி. ரெண்டையும் ஏன் பிரிக்கிறன் எண்டு சொல்லுறன்.

சிகரெட்டை டெஸ்டில பிடிக்கலாம். கொட்டினின் எண்டு ஒண்டு இருக்கு, ரத்தத்திலயோ சலத்திலயோ பாத்தா கடைசிச் சில நாளில பத்தினவரோ எண்டு தெரிஞ்சிடும். சிகரெட்டில இவ்வளவு எண்டாப் பரவாயில்லை எண்டு ஒரு கணக்கும் இல்லை, நாளுக்கு ஒண்டு பத்தினாலும் இதயத்துக்குக் கூடாது. விட்டா ஒரு வருஷத்திலயே மாரடைப்பு வாற மேலதிக ஆபத்து பாதியளவுக்கு இறங்கிடும், அப்ப பிரீமியமும் இறங்கத்தானே வேணும்? அமெரிக்காவில 2010இல வந்த சட்டம் புகையிலை பாவிக்கிறவையிட்ட 50 வீதம் வரைக்கும் கூடுதலா வாங்க விட்டது, குடிக்கு அப்பிடி ஒரு அனுமதியும் குடுக்கேல்லை. அவுஸ்திரேலியாவில பத்துறவர், பத்தாதவர் எண்டு பாத்து ஹெல்த் இன்சூரன்ஸுக்கு விலை வைக்கவே ஏலாது.

குடியை எப்பிடி அளப்பியள்? கலியாண வீட்டில ரெண்டு கிளாஸ் எடுக்கிறவரும் விடிஞ்சாப் பொழுதுபட்டாத் தவறணையில நிக்கிறவரும் ஃபோர்மில ஒரே "ஓம்"தான். இதைவிடப் பெரிய பிரச்சினை என்னெண்டா, குடிக்குக் காசு கூட எண்டு தெரிஞ்சா சனம் ஃபோர்மில மட்டும் மறைக்காது, டொக்டரிட்டயும் மறைக்கும், ஏனெண்டா கிளினிக் கொப்பியில எழுதுப்பட்டா பிறகு கம்பனிக்காரன் அதைத்தானே எடுத்துப் பாப்பான். ஒவ்வொரு நாளும் குடிக்கிற ஒராள் ஒப்பரேஷனுக்கு எண்டு வந்து படுத்தா குடி சடாரெண்டு நிண்டுபோகும், ரெண்டு மூண்டு நாளுக்குள்ள கை நடுங்கி, புலம்பி, சில பேருக்கு வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகிடும். முதலே சொன்னா மருந்து குடுத்துத் தடுக்கலாம். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் அந்த உண்மையை மறைக்க வைக்கிற எந்த முறையும் எனக்குச் சரியாப் படேல்லை.

என்ர மாமாவுக்கு நடந்ததைச் சொல்லுறன். பொலிசி போடேக்க புகைபிடிப்பீரோ எண்டு கேட்ட இடத்தில ஏஜென்ட்தான் "இல்லை" எண்டு புள்ளடி போட்டவர், அண்ணை இதெல்லாம் ஒருத்தரும் பாக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டு. பிறகு நெஞ்சுநோ வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம், அங்க டொக்டர் கேக்க மாமா கனகாலமாப் பத்துறன் எண்டு உள்ளதைச் சொன்னார், அதுதானே நியாயம். கொழும்பில பைபாஸ் செய்து முடிய கிளெய்முக்குப் போட்டா, உண்மையை மறைச்சிட்டீங்கள் எண்டு ஒரு சதமும் தரேல்லை. மாமி நகையெல்லாம் அடகுக்குப் போட்டுத்தான் பில் கட்டினவ. எனக்கு இண்டைக்கும் அது கோவம்தான். அமெரிக்கச் சட்டத்தில இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு: பத்துறதை மறைச்சது பிடிபட்டா விட்டுப்போன மேலதிக பிரீமியத்தை வாங்கலாம், அந்தக் காரணத்துக்காக பொலிசியை வெட்டேலாது. இஞ்ச இலங்கையிலயும் அப்பிடித்தான் இருக்கோணும்.

இன்னொண்டு, சிகரெட்டைக் கேக்கிற ஃபோர்ம் வெத்திலையைக் கேக்குமோ? இலங்கையில ஆம்பிளையளுக்கு ஆகக்கூடுதலா வாற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெத்திலை பாக்கு புகையிலை சேத்துப் போட்டாலும் சரி, புகையிலை இல்லாமப் போட்டாலும் சரி, அது புற்றுநோய் வரப் பண்ணும் எண்டு உலக சுகாதார அமைப்பின்ர புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலயே சொல்லிட்டுது. நாங்கள் புகையிலை நட்டுச் சீவிச்ச ஊர்ச் சனம், கொட்டப்பெட்டியில இருந்து எடுத்துப் போடுற அப்பம்மாவை ஒருத்தரும் "பாவனையாளர்" எண்டு நினைக்கிறேல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வாட்டுக்கு ஒருக்காப் போய்ப் பாத்தாத் தெரியும்.

அங்க படுத்திருக்கிற கனபேருக்கு இன்சூரன்ஸே இல்லை. கூலிவேலை செய்து பீடியும் கசிப்பும் (கள்ளச் சாராயம்) எடுக்கிற மனுசனிட்ட பிரீமியத்தைக் கூட்டி என்ன பிரயோசனம், அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிதான் கதி. அதாலதான் வரி எண்டு சொல்லுறன், ஆனா சிகரெட்டுக்கு மட்டும் ஏத்தினா சனம் பீடிக்கு மாறும், பீடிக்கும் சேத்து ஏத்தோணும், கசிப்பை வரியால பிடிக்கேலாது, அதைப் பொலிஸ்தான் பிடிக்கோணும். சாராயத்திலயும் சிகரெட்டிலயும் வாற காசில ஒரு பங்கை இந்த வாட்டுகளுக்கு எண்டே ஒதுக்கினா நான் சந்தோசமா ஆதரிப்பன்.

கேட்ட தம்பி, நீங்கள் பொலிசி போடப் போறியள் எண்டா ஃபோர்மை ஏஜென்டிட்டக் குடுக்காம நீங்களே நிரப்புங்கோ, பத்துறனியள் எண்டா "ஓம்" எண்டே போடுங்கோ. விட்டு ஒரு வருஷம் ஆகினாப் பிறகு டெஸ்ட் எடுத்துக்கொண்டு போய் பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில கேளுங்கோ, வாயால கேட்டா அலுவல் நடக்காது.