உபுண்டுவில் திருமண வீடியோ ஓடவில்லையா? விண்டோஸ் தேவையில்லை

வணக்கம் தம்பி. அக்காவின் திருமண வீடியோ டபிள்யூஎம்வி கோப்பாக இருக்கிறது, உபுண்டு இயங்குதளத்தில் திறந்தால் கோடெக் (வீடியோவைப் படித்து ஓடவைக்கும் மென்பொருள்) இல்லை என்கிறது, பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விண்டோஸ் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை. டபிள்யூஎம்வி மைக்ரோசாப்டின் வடிவம். காப்புரிமைச் சிக்கல்களால் இத்தகைய கோடெக்குகளை உபுண்டு இயல்பாகச் சேர்த்துத் தருவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் விஎல்சி என்ற வீடியோ செயலியை நிறுவுங்கள். தனக்கு வேண்டிய கோடெக்குகளை அது கையோடு கொண்டுவரும்; பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்துவிடும். உபுண்டுவின் சொந்தச் செயலியிலேயே பார்க்க வேண்டுமென்றால் கோடெக்குகள் அடங்கிய 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டெட் எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பை டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) வழியாக நிறுவுங்கள். நடுவில், அதே தொகுப்போடு வரும் மைக்ரோசாப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அங்கே மவுஸ் உதவாது. பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் மூடிவிடுகிறார்கள். டேப் விசையை அழுத்தினால் 'ஓகே' நிறம் மாறும், பிறகு என்டர்.

டிஆர்எம் பூட்டு (அனுமதியின்றிப் பார்ப்பதையும் நகலெடுப்பதையும் தடுப்பது) போட்ட கோப்பென்றால் விஎல்சியும் கைவிரித்துவிடும். ஆனால் ஸ்டூடியோ தரும் திருமண வீடியோவில் அப்படிப் பூட்டு இருப்பது அரிது.

படம் ஓடியதும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் செயலியில் எம்பி4 ஆக ஒரு பிரதி எடுத்து, வெளிநாட்டு உறவினர்களுக்கு அதை அனுப்புங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும்.