மூளையில அடி, மூளையில கட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அக்கா பொண்ணு ஒரு நியூரோ லேப்ல ரிசர்ச்சுக்கு சேர்ந்திருக்கா. அவளோட புரொபசர் தலையில அடிபட்டவங்களையும் ஆராயறார், மூளைக் கட்டியையும் ஆராயறாராம். ஒண்ணு ஆக்சிடென்ட், இன்னொண்ணு கேன்சர். ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?

பதில்: வியாதி வேற வேறதாம்மா, ஆனா பல சமயம் ரெண்டுலயும் ஆளைச் சாய்க்கிறது வீக்கம். கை வீங்கினா தோல் இழுத்துக் குடுக்கும், மண்டையோடு குடுக்காது, உள்ள பிரஷர் ஏறி ரத்த ஓட்டம் குறைஞ்சு, அடியே படாத பகுதியும் சேர்ந்து கெட்டுப்போகும்.

சரி வீக்கம்தானே, ஒரே மருந்து போதுமேன்னு தோணும். அப்படித்தான் டாக்டர்களும் ரொம்ப வருஷம் நினைச்சாங்க. கட்டியைச் சுத்தி புதுசா முளைக்கிற ரத்தக் குழாய் ஒழுகும், அதனாலதான் அங்க வீக்கம், டெக்சாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு குடுத்தா அந்த ஒழுக்கு குறையும். தலைவலில சுருண்டு கிடந்தவர் ரெண்டு நாள்ல எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேப்பார் (சுகர் ஏறும், தூக்கம் போகும், அது தனிக்கதை). அதே நம்பிக்கையில தலையில அடிபட்டவங்களுக்கும் ஸ்டீராய்டு போட்டுட்டே இருந்தாங்க. கடைசில கிராஷ்னு ஒரு பெரிய டிரையல், 10,008 பேர், 2004ல ரிசல்ட் வந்தது: ஸ்டீராய்டு போட்டவங்கள்ல ரெண்டு வாரத்துக்குள்ள இறந்தவங்க சுமார் 21 சதவீதம், போடாதவங்கள்ல 18. நல்லதுன்னு நினைச்சுக் குடுத்ததே ஆளைக் கொன்னிருக்கு! அடிபட்ட மூளையில குழாய் ஒழுக்கு மட்டும் இல்ல, செல்லே தண்ணியை இழுத்து உப்புது, அங்க ஸ்டீராய்டு பெருசா ஒண்ணும் செய்யாது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறவங்களுக்குத்தான் இந்த வித்தியாசம் உறைக்கும், அந்த புரொபசர் செய்யறது சரியான வேலைன்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: சின்ன வயசுல மாடிப்படியில விழுந்து தலையில நல்ல அடி. பின்னாடி கட்டி வந்துடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க. அடிபட்டதும் ஸ்கேன் எடுப்பாங்க, ஏற்கனவே சத்தமில்லாம இருந்த கட்டி அதுல மாட்டும், வீட்டுல எல்லாரும் அடியால வந்துச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. பாதி வதந்தி இப்படிக் கிளம்பினதுதான். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரை வச்சு 2024ல வந்த ஒரு ஆய்வுல, லேசான அடிக்கும் மூளை கேன்சருக்கும் தொடர்பு தெரியல, மிதமாவோ மோசமாவோ அடிபட்டவங்க, குண்டு மாதிரி ஏதாவது உள்ள பாய்ஞ்சவங்க, இவங்ககிட்ட மட்டும் கூடுதலா தெரிஞ்சது, அதுலயும் கேன்சர் வந்தவங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மி. மாடிப்படி அடிக்கு இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு மூளைக் கட்டி ஆபரேஷன். எடுக்கிற கட்டியை ஆராய்ச்சிக்குக் குடுக்க சம்மதமான்னு ஒரு பாரத்துல கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?

பதில்: நான்னா போடுவேன். முதல்ல பயாப்சி ரிப்போர்ட்டுக்குத் தேவையானதை எடுத்துடுவாங்க, மிச்சம்தான் லேபுக்குப் போகும், அதுவும் தியேட்டர்லயிருந்து வந்த கையோட ஐஸ்ல வச்சு ஓடணும், லேட்டானா உள்ள இருக்கிற ஆர்என்ஏ (செல்லுக்குள்ள ஜீனோட தகவலை எடுத்துட்டுப் போற மூலக்கூறு) சிதைஞ்சு போயிடும். இப்படி யாரோ குடுத்த கட்டிகளை அலசினப்பதான் 2008ல ஐடிஎச்1ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கு சில வகைக் கட்டியோட பேரையே அதை வச்சுத்தான் முடிவு பண்றாங்க, அந்த மாற்றத்தைக் குறி வச்சு வோராசிடெனிப்னு ஒரு மாத்திரைக்கு 2024ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சாச்சு. 16 வருஷம் ஆச்சு, இந்தத் துறையில அது வேகம்தான்!

கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேளுங்க, அப்பா பேரை எடுத்துட்டு நம்பர் போட்டுத்தான் வைப்பாங்களா, பின்னாடி வேண்டாம்னா வாபஸ் வாங்க முடியுமா. மனசு ஒப்பலைன்னா தாராளமா மறுக்கலாம், அதனால அப்பாவோட வைத்தியத்துல எதுவும் குறையக் கூடாது, அது விதி.